பழைய குரோனோகிராஃப் மக்கர் பண்ணினால்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பழைய மெக்கானிக்கல் குரோனோகிராஃப் கைக்கடிகாரத்துக்குள் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. கீழே, நேரம் காட்டும் சாதாரண வாட்ச். அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பது, பொத்தானை அழுத்தினால் ஓடி நிற்கும் ஸ்டாப்வாட்ச் பகுதி. மேலே இருப்பதற்குச் சொந்தமாக மெயின் ஸ்பிரிங் (சாவி கொடுத்தால் சுருண்டு சக்தி தரும் சுருள்வில்) கிடையாது. தேவையான சக்தியைக் கீழே இருப்பதிடம்தான் வாங்கிக்கொள்ளும். இதனால் எண்ணெய் வற்றிச் சோர்ந்துபோயிருப்பது கீழே உள்ள வாட்சாக இருக்கும், அறிகுறி மட்டும் மேலே தெரியும். முள் திக்கும், நிமிடம் ஏறாது, பொத்தானை அழுத்தினால் வாட்சே நின்றுபோகும். உடனே மேலே இருக்கும் லீவர்களில் கை வைத்துவிடுவார்கள். சேகரிப்பாளர்கள் கைக்கு வந்துசேரும் பழைய குரோனோகிராஃப்களின் சேதத்தில், வயதின் பங்கைவிட இப்படிக் கை வைத்தவர்களின் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் அடிப்படை வாட்ச், அப்புறம் பொத்தான்கள், கடைசியில் குரோனோகிராஃப் பகுதி.

பின்மூடியைத் திறக்கும் முன் இன்னொன்று. உள்ளே சில திருகுகள் எதையும் இறுக்கிப் பிடிப்பதற்காக இருப்பவை அல்ல. தலையைத் திருப்பினால் பக்கத்து லீவர் முடியளவு நகரும். எக்சென்ட்ரிக் திருகுகள் என்று பெயர். இரண்டு சக்கரங்களின் பற்கள் எவ்வளவு ஆழமாகக் கடிக்க வேண்டும், முள்ளைப் பூஜ்ஜியத்துக்குத் தள்ளும் சுத்தியல் எவ்வளவு தூரம் விழ வேண்டும் என்பதையெல்லாம் இவைதான் தீர்மானிக்கின்றன. தொழிற்சாலையில் ஒவ்வொரு வாட்சுக்கும் தனியாகப் பார்த்து அமைத்தவை. தலையின் விளிம்பில் ட்வீசர் வழுக்கிய கீறல் இருந்தால், யாரோ ஏற்கெனவே விளையாடிவிட்டார்கள் என்று அர்த்தம். நீங்களும் திருப்பியே ஆக வேண்டும் என்றால், திருகின் பிளவு இப்போது எந்தத் திசையில் நிற்கிறது என்று நெருக்கமாக ஒரு படம் எடுத்துவிட்டுத் திருப்புங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

முழுதாகச் சாவி கொடுங்கள். குரோனோகிராஃபை நிறுத்திப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். அந்த ஒரு நாளை ஒழுங்காக ஓட்டத் தெரியாத வாட்சிடம் ஸ்டாப்வாட்சைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை.

வாட்சின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருந்தால் வேலை சுலபம். டயல் மேலே பார்க்க வைத்து, பாலன்ஸ் வீலின் (இடமும் வலமும் ஊசலாடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம்) வீச்சை, அதாவது அது எவ்வளவு தூரம் சுழன்று திரும்புகிறது என்பதைப் பாருங்கள். நல்ல சர்வீஸுக்குப் பிறகு 270 முதல் 300 டிகிரி வரை இருக்கும். பழைய வாட்சுக்கு 250 கூடப் பரவாயில்லை. 200-க்குக் கீழே என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே படிக்கப்போகும் அறிகுறிகளில் பாதிக்கு அதுவே காரணமாக இருக்கும். கருவியில் லிஃப்ட் ஆங்கிள் (ஒவ்வொரு துடிப்பிலும் பாலன்ஸ் வீல் உந்துதல் பெறும் கோணம்) பொதுவாக 52 டிகிரி என்று அமைக்கப்பட்டிருக்கும். ஒமேகா 861-க்கு 50, வால்ஜூ 7750-க்கு 49 என்று காலிபருக்குக் காலிபர், அதாவது இயந்திர மாடலுக்கு மாடல், மாறும். இதை மாற்றாமல் அளந்தால் வீச்சு இருப்பதைவிட அதிகமாகத் தெரியும், மனசுக்கும் நிம்மதியாக இருக்கும், ஆனால் பொய். துடிப்பு வேகத்தையும் சரிபாருங்கள். வால்ஜூ 72, ஒமேகா 321 இரண்டும் மணிக்கு 18,000 துடிப்பு. ஒமேகா 861, சைகோ 6139 இரண்டும் 21,600. 7750 என்றால் 28,800. ஜெனித் எல் பிரிமெரோ 36,000. ஹோயர், ப்ரைட்லிங் கூட்டணியின் காலிபர் 11 மட்டும் 19,800 என்ற வழக்கமில்லாத எண்ணில் ஓடும். கருவி அதைத் தானாகக் கண்டுபிடிக்காவிட்டால் கையால் அமைத்துவிடுங்கள்.

இப்போது குரோனோகிராஃபை ஓடவிட்டு மறுபடி அளக்கவும். பக்கவாட்டுக் கிளட்ச் (ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி ஸ்டாப்வாட்சோடு இணைப்பது) உள்ள காலிபர்களில் 20 முதல் 40 டிகிரி வரை குறைவது இயல்பு. 60, 70 என்று விழுந்தால் மேலே ஏதோ பாரமாக இழுக்கிறது. அப்போதுதான் மேல்பகுதியைச் சந்தேகிக்க வேண்டும்.

கோளாறு போலத் தெரியும், கோளாறு இல்லை

மேல் பொத்தான் ஓடவிடுகிறது, ஆனால் அதே பொத்தானால் நிறுத்த முடியவில்லை. பின்மூடிக்குள் லாண்டரான் 48 அல்லது அதன் உறவுக்கார காலிபர் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வடிவமைப்பே அப்படித்தான்: மேல் பொத்தான் தொடங்க மட்டும், கீழ்ப் பொத்தானை முதல் தடவை அழுத்தினால் நிற்கும், இரண்டாவது தடவை அழுத்தினால் பூஜ்ஜியத்துக்குப் போகும். இதைத் தெரியாமல் மேல் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வளைத்தவர்கள் உண்டு.

குரோனோகிராஃபை ஓடவிடாதபோது டயலில் எந்த விநாடி முள்ளும் நகரவில்லை, வாட்ச் நின்றுவிட்டதோ என்று தோன்றும். சைகோ 6139-இலும் காலிபர் 11 வாட்சுகளிலும் தொடர்ந்து ஓடும் விநாடி முள்ளே கிடையாது. காதில் வைத்துக் கேளுங்கள். 6139-இல் கிரவுனை (கேஸின் பக்கத்தில் உள்ள குமிழ்) சுற்றிச் சாவி கொடுக்கவும் முடியாது. கையில் கட்டி அசைத்தால்தான் ஏறும். அதன் கிரவுன் உள்ளே அழுந்துவதும் உடைசல் இல்லை. தேதியும் கிழமையும் மாற்றுவதற்கான வழி அது. காலிபர் 11-இல் கிரவுன் இடது பக்கம் இருப்பதைப் பார்த்து டயலைத் தலைகீழாகப் பொருத்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

குரோனோகிராஃப் ஓடிக்கொண்டிருக்கும்போது ரீசெட் பொத்தானை அழுத்தினால் சாதாரண வாட்சில் ஒன்றும் நடக்கக் கூடாது. ஃப்ளைபேக் வகையில் மட்டும் முள் பூஜ்ஜியத்துக்குப் பாய்ந்து உடனே மறுபடி ஓடத் தொடங்கும். லாஞ்சீன் 13இசட்என், டைப் 20 எனப்படும் பிரெஞ்சு ராணுவ வாட்சுகள் இந்த வகை. உங்களுடையது எது என்று தெரியாதவரை சோதித்துப் பார்க்கவே வேண்டாம்.

பொத்தானை அழுத்தியதும் வாட்சே நின்றுவிடுகிறது

எல்லா அறிகுறிகளிலும் அதிகம் பேசும் அறிகுறி இதுதான். எப்போது நிற்கிறது, எங்கே நிற்கிறது என்று கவனித்தால் பாதி நோய் தெரிந்துவிடும். ஒரு தாளில் குறித்துக்கொண்டே சோதியுங்கள்.

முழுச் சாவியில் நன்றாக ஓடி, பல மணி நேரம் கழித்துச் சாவி இறங்கியபோது மட்டும் நிற்கிறதா? கீழ்வாட்சுக்கு வலு போதவில்லை. எண்ணெய் பிசினாகியிருக்கும், அல்லது மெயின் ஸ்பிரிங் களைத்திருக்கும். முழு சர்வீஸ்தான் மருந்து. மேல்பகுதியைத் தொட வேண்டியதில்லை.

முழுச் சாவியிலும் அழுத்திய கணமே நிற்கிறதா? பற்கள் மிக ஆழமாகக் கடிக்கின்றன என்று சந்தேகிக்கலாம். இது எப்படி வருகிறது என்றால், பக்கவாட்டுக் கிளட்சில் கீழ்வாட்சின் விநாடிச் சக்கரத்தோடு எப்போதும் சுற்றும் ஒரு சிறிய இடைச்சக்கரம் ஒரு லீவரில் இருக்கும். தொடங்கும்போது அந்த லீவர் நகர்ந்து, இடைச்சக்கரத்தை நடுவில் உள்ள குரோனோகிராஃப் சக்கரத்தோடு சேர்க்கும். அந்தச் சக்கரத்தின் பற்கள் மிக நுண்ணியவை. கொஞ்சம் அதிகமாக உள்ளே போனாலும் இரண்டும் இறுகிக்கொள்ளும். யாரோ எக்சென்ட்ரிக்கைத் திருப்பியிருந்தால் முதலில் கெடுவது இந்த இடம். இரண்டாவது காரணம் அற்பமானது, ஆனால் அடிக்கடி நடப்பது: பற்களுக்கு எண்ணெய் போட்டிருப்பார்கள். குரோனோகிராஃப் சக்கரப் பற்கள் உலர்ந்துதான் இருக்க வேண்டும். எண்ணெய் பட்டால் தூசி ஒட்டிக்கொள்ளும். நுண்ணிய பற்களுக்கு நடுவே ஒரு நார் போதும், வாட்ச் நிற்க.

ஒவ்வொரு தடவையும் விநாடி முள் 58-க்கும் 60-க்கும் நடுவே வந்ததும் நிற்கிறதா? அந்த நேரத்தில்தான் குரோனோகிராஃப் சக்கரத்தின் விரல், நிமிடச் சக்கரத்தை ஒரு பல் தள்ளுகிறது. நிமிடச் சக்கரத்தை இடத்தில் பிடித்துவைக்கும் ஜம்பர் ஸ்பிரிங் அளவுக்கு மேல் அழுத்தினாலோ, விரல் அதிக ஆழத்துக்குப் போனாலோ கீழ்வாட்சால் தள்ள முடிவதில்லை.

58-இல் இல்லை, எப்போதும் வேறு ஏதோ ஒரே விநாடியில் நிற்கிறது என்றால் குரோனோகிராஃப் சக்கரத்தில் வளைந்த பல்லைத் தேடுங்கள். விநாடி முள்ளோடு சம்பந்தமில்லாமல், மணி முள் ஒரு சின்ன டயலைக் கடக்கும் நேரத்தில் மட்டும் நின்றால் முட்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. இதைக் கண்டுபிடிக்கப் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். லூப் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி) வைத்துப் பக்கவாட்டில் பார்த்தாலே முட்களுக்கு இடையே உள்ள வெளிச்சம் தெரியும். கண்ணாடி மாற்றிய வாட்ச் என்றால், நடு விநாடி முள்ளின் குழல் புதுக் கண்ணாடியின் உட்புறத்தைத் தொடுகிறதா என்றும் பாருங்கள்.

தொடங்கும்போது முள் துள்ளுகிறது

பக்கவாட்டுக் கிளட்சில் சுழலும் பல்லும் நிற்கும் பல்லும் திடீரென்று சந்திக்கின்றன. பல் நுனியில் பல் நுனி பட்டால் முள் ஒரு கூறு முன்னாலோ பின்னாலோ எகிறும். இதற்கு வைத்தியம் தேவையில்லை. 7750-இல் உள்ள சாயும் பினியனும் (சிறு பல்லச்சு) இதேபோல் லேசாகத் துள்ளலாம். எட்வார் ஹோயர் 1887-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அரை விநாடிக்கு மேல், அதுவும் ஒவ்வொரு தடவையும் துள்ளினால் மட்டும் கடியின் ஆழத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சைகோ 6139 போன்ற செங்குத்துக் கிளட்சில் பல்லோடு பல் மோதும் சந்திப்பே இல்லை, உராய்வால் ஒட்டிக்கொள்வதுதான். ஆகவே அங்கே துள்ளல் தெரிந்தால் கவனிக்கத்தான் வேண்டும்.

செங்குத்துக் கிளட்சுக்கு வேறு ஒரு நோய் உண்டு. உராயும் பரப்புக்கு எண்ணெய் கசிந்தால் வழுக்கும். முள் அழகாக ஓடிக்கொண்டேயிருக்கும், ஆனால் பின்தங்கும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நேரம் காட்டும் நிமிட முள்ளோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

ஓடும்போது முள் நடுங்குகிறது, திக்கித் திக்கிப் போகிறது

குரோனோகிராஃப் சக்கரத்துக்கு அடியில் மெல்லிய உராய்வு ஸ்பிரிங் ஒன்று இருக்கும். பற்களுக்கு இடையே உள்ள இடைவெளியால் முள் ஆடாமல், அது லேசாக அழுத்திப் பிடிக்கிறது. தளர்ந்தால் நடுக்கம், இறுகினால் வாட்சின் வீச்சு விழும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது கைப்பழக்கம், அளவு சொல்லி விளக்க முடியாது. ஸ்பிரிங்கை வளைத்துப் பார்க்கத் தோன்றும். அனுபவமில்லாமல் வேண்டாம், மாற்று ஸ்பிரிங் கிடைக்காத காலிபர்கள் நிறைய.

நடுக்கமும் 18,000 துடிப்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 18,000-இல் முள் விநாடிக்கு ஐந்து அடி எடுத்து வைக்கும், கண்ணுக்குத் தெரியும். 36,000-க்குப் பழகிய கண்ணுக்கு அது திக்குவதுபோலத்தான் இருக்கும்.

ரீசெட் செய்தால் முள் சரியாக 12-இல் நிற்பதில்லை

பத்து தடவை ரீசெட் செய்து, ஒவ்வொரு தடவையும் முள் எங்கே நிற்கிறது என்று நேர்மேலே இருந்து படம் எடுங்கள். சாய்ந்து பார்த்தால் கண் ஏமாற்றும்.

பத்து தடவையும் ஒரே இடம், அது பூஜ்ஜியத்துக்கு ஒரு விநாடி தள்ளி என்றால் நல்ல செய்தி. இயந்திரம் சரியாக வேலை செய்கிறது, முள்ளைப் பொருத்தியவர்தான் சரியாகப் பொருத்தவில்லை. முள்ளை எடுத்து மறுபடி பொருத்த வேண்டியதுதான். ரீசெட் நிலையில் வைத்தே பொருத்த வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடம் என்றால் மூன்று வாய்ப்புகள். முதலாவது, முள்ளின் குழல் தண்டில் தளர்ந்திருக்கிறது. நீளமான முள்ளைச் சுத்தியல் ஒரு நொடியில் சுழற்றி நிறுத்துகிறது; அந்த உதறலே வருடக்கணக்கில் குழலைத் தளர்த்திவிடும். தளர்ந்த குழலைப் பசை வைத்து ஒட்டியவற்றையும் பார்த்திருக்கிறேன். அடுத்த சர்வீஸில் அந்த முள்ளை எடுப்பவர் பாவம். இரண்டாவது, சுத்தியல் அடிக்கும் இதய வடிவத் தகடான கேம் தண்டில் தளர்ந்திருக்கலாம். மூன்றாவது, சுத்தியல் முழுதாக விழவில்லை.

மூன்றாவதைப் பிரித்தறிய வழி இருக்கிறது. கேமின் கூர்முனை முள் 30 விநாடியில் நிற்கும்போது சுத்தியலுக்கு நேரே வருகிறது. நிமிட முள்ளுக்கு, 30 நிமிட டயல் என்றால், அந்த இடம் 15. ஆகவே 28, 30, 32 விநாடிகளில் நிறுத்தி ரீசெட் செய்து பாருங்கள். 30-இல் மட்டும் தொங்கிக்கொண்டால் கூர்முனை தேய்ந்திருக்கிறது, அல்லது சுத்தியலின் முகம் சொரசொரப்பாகியிருக்கிறது. எல்லா இடத்திலும் மந்தமாக வந்தால் சுத்தியலின் ஸ்பிரிங்கையும் அச்சில் உறைந்த கிரீஸையும் சந்தேகியுங்கள்.

விநாடி முள் கச்சிதமாக நிற்கிறது, நிமிட முள் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது என்பது பலரும் கேட்பது. ஒரே சுத்தியலுக்கு இரண்டு கைகள். இரண்டும் ஒரே நேரத்தில் இரண்டு கேம்களில் உட்கார வேண்டும். நடைமுறையில் விநாடிக் கேமில் இறுக்கமாகவும் நிமிடக் கேமில் மிக நுண்ணிய இடைவெளியோடும் அமைப்பது வழக்கம். நிமிட முள் லேசாக ஆடினால் விட்டுவிடுங்கள். சுத்தியலை அரத்தால் ராவிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ராவிய உலோகத்தை மறுபடி ஒட்ட முடியாது.

நிமிட முள் ஏறவில்லை, அல்லது இரண்டாகத் தாவுகிறது

ஏறவே இல்லை என்றால் விரல் எட்டவில்லை. இரண்டிரண்டாகத் தாவினால் விரல் அதிகம் எட்டுகிறது, அல்லது ஜம்பர் ஸ்பிரிங் பிடிக்கவில்லை. 58-இல் நகரத் தொடங்கி 60-ஐ ஒட்டி முடிப்பது பல காலிபர்களில் இயல்பு. 40-இலோ 20-இலோ தாவினால் விரல் தண்டில் திரும்பியிருக்கிறது. சில காலிபர்களில் நிமிட முள் தாவாமல் மெல்ல ஊர்ந்தே போகும். அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோதிக்கும்போது ஒரு நிமிடத்தோடு திருப்திப்படாதீர்கள், முழு 30 நிமிடமும் ஓடட்டும். நிமிடச் சக்கரத்தில் ஒரே ஒரு பல் கெட்டிருந்தால் அது 17-ஆவது நிமிடத்தில்தான் தெரியவரும்.

குரோனோகிராஃப் நிற்கிறது, ஆனால் 12 மணி நேரக் கணக்கு முள் மட்டும் தானாக ஊர்கிறது

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு நன்கு பழக்கமான தொல்லை. 321, 861, வால்ஜூ 72 ஆகியவற்றில் மணிக் கணக்குப் பகுதி மேலே இல்லை. டயலுக்கு அடியில், மெயின் ஸ்பிரிங் டப்பாவிலிருந்து நேராக உராய்வால் சக்தி எடுக்கிறது. டப்பா எப்போதும் சுற்றும். நிறுத்தியிருக்கும்போது ஒரு லீவர் மணிச் சக்கரத்தைப் பிடித்துவைக்க வேண்டும். லீவரின் பிடி தளர்ந்தாலோ, உராய்வு அதிகமானாலோ முள் ஊரத் தொடங்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: உராய்வு குறைந்தால் குரோனோகிராஃப் ஓடும்போதும் மணி முள் நகராது.

வாட்சுக்கு இதனால் ஆபத்து பெரிதாக இல்லை. சரிசெய்ய எல்லா முட்களையும் டயலையும் எடுக்க வேண்டும், அது பழைய டயலுக்கு ஆபத்து. அதனால் இதற்காக மட்டும் திறக்காமல், அடுத்த சர்வீஸ் வரும்போது சேர்த்துச் செய்யச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். அதுவரை ரீசெட் அடித்துக்கொள்ளலாம்.

நிறுத்திய பிறகும் விநாடி முள் நகர்கிறது

பிரேக் சக்கரத்தைத் தொடவில்லை, அல்லது கிளட்ச் முழுதாக விலகவில்லை. நிறுத்திவிட்டு வாட்சை விரலால் மெல்லத் தட்டுங்கள். தட்டும்போது மட்டும் ஆடினால் பிரேக். தட்டாமலேயே சீராக ஊர்ந்தால் கிளட்ச். ஒமேகா 861-இன் பிற்காலப் பதிப்புகளில் பிரேக் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே பிளாஸ்டிக்கைப் பார்த்து, யாரோ மலிவாக மாற்றிவிட்டார்கள் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். லெமானியா 5100-இலும் பிளாஸ்டிக் பாகங்கள் தொழிற்சாலையிலேயே வந்தவை.

பொத்தான் இறுகியிருக்கிறது, சிக்கிக்கொள்கிறது

தூண் தூணாக நிற்கும் காலம் வீல் ('காலம்' இங்கே ஆங்கிலத்தில் தூண், நேரம் அல்ல) உள்ள காலிபர்களில், உதாரணமாக வால்ஜூ 72 அல்லது ஒமேகா 321-இல், பொத்தான் மெத்தென்று அழுந்தி 'டிக்' என்று விடும். காலம் வீலுக்குப் பதில் கேம் வைத்த வால்ஜூ 7734, அதை அடியொற்றிய ரஷ்யாவின் போல்யோட் 3133, 7750 எல்லாம் இயல்பாகவே முரட்டுத்தனமானவை, தொடங்குவதற்குக் கூடுதல் விசை கேட்கும். அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் இறுக்கத்தை மதிப்பிட வேண்டும்.

அழுத்திய பொத்தான் திரும்பி வராவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி கேஸில்தான் இருக்கிறது: குழாயில் வருடக்கணக்கான வியர்வை அழுக்கு, கல்லாகிப்போன கேஸ்கெட், துரு. இயந்திரத்தைக் கேஸிலிருந்து வெளியே எடுத்து, லீவரை நேரடியாக மெல்ல அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். வெளியே நன்றாக வேலை செய்தால் பொத்தானையும் குழாயையும் சுத்தம் செய்து கேஸ்கெட் மாற்றினால் போதும். துருநீக்கி ஸ்ப்ரேயை வெளியிலிருந்து அடிப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. அது உள்ளே இறங்கி, பற்கள் முதல் பாலன்ஸ் வீலின் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் வரை எல்லாவற்றிலும் படலமாகப் படியும்.

காலம் வீலைத் திறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில காலிபர்களில் அதன் திருகு இடமரை கொண்டது, எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். தலையில் ஒரு பிளவுக்குப் பதில் மூன்று பிளவுகள் தெரிந்தால் இடமரை என்பதற்கான வழக்கமான அடையாளம் அது. வழக்கம்போலத் திருப்பினால் தலை ஒடிந்து கையோடு வரும்.

திடீரென்று வேகமாக ஓடுகிறது

நேற்றுவரை ஒழுங்காக இருந்த வாட்ச் இன்று சில நிமிடங்கள் முந்துகிறது என்றால் காந்தம். ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு, நீளம் குறைந்த ஸ்பிரிங்போல வேலை செய்கின்றன. திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஊசி ஆடும். காந்தநீக்கி வைத்து நீக்கினால் நிமிடத்தில் சரியாகும். திசைகாட்டி அசையவில்லை என்றால் ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். புது மெயின் ஸ்பிரிங் போட்ட பிறகு வேகமெடுத்தால், போட்டது வலு அதிகமானது. பாலன்ஸ் வீல் அளவுக்கு மீறி வீசி மறுபக்கம் முட்டுகிறது. டைம்கிராஃபரில் வீச்சு 330-ஐத் தாண்டும்.

கண்ணாடிக்குள் ஆவி படிகிறது

இதில் யோசிக்க ஒன்றுமில்லை, அன்றைக்கே திறக்கவும். டப்பாவுக்குள் அரிசி போட்டு வைப்பதால் இயந்திரத்துக்குள் போன ஈரம் முழுக்க வராது, துரு மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று பின்மூடியில் இருப்பது அது புதிதாக இருந்த காலத்துச் சங்கதி.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் டயலைப் பார்த்தால் ஏதோ நெருடுகிறது

வாங்கும்போதே பார்க்க வேண்டிய அறிகுறி. மறுபூச்சு கண்ட டயலைக் கண்டுபிடிக்க எழுத்துருவை மட்டும் உற்றுப் பார்ப்பார்கள். குரோனோகிராஃபில் அதைவிடக் கறாரான சாட்சி ஒன்று உண்டு, கணக்கு. வேகம் காட்டும் டாக்கிமீட்டர் அளவில் எந்த எண்ணும் 3,600-ஐ விநாடியால் வகுத்தால் வருவது. 60-ஆவது விநாடிக்கு நேரே 60, 45-க்கு 80, 40-க்கு 90, 36-க்கு 100, 30-க்கு 120, 20-க்கு 180. தொழிற்சாலை அச்சில் இவை கோட்டுக்குக் கோடு பொருந்தும். மறுபடி அச்சிட்டவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒலியைக் கொண்டு தூரம் அளக்கும் டெலிமீட்டர் அளவு இருந்தால், ஒலி ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 3 விநாடி என்பதால், 30 விநாடிக்கு 10-ஐ ஒட்டிய எண் இருக்க வேண்டும்.

அடுத்து முட்கள். நடு விநாடி முள்ளின் நுனி விநாடிக் கோடுகளைத் தொட வேண்டும். எட்டாமல் நின்றாலோ தாண்டிப் போனாலோ அது வேறு வாட்சிலிருந்து வந்த முள். சின்ன டயல்களில் உள்ள நுண்ணிய வட்டக் கோடுகள் மழுங்கியிருந்தால் மேலே பெயின்ட் ஏறியிருக்கிறது. வால்ஜூ காலிபர்களில் எண்ணை பாலன்ஸ் வீலுக்கு அடியில் தேடுங்கள். விற்பவர் சொல்வதும் அங்கே பொறித்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். 'சர்வீஸ் மட்டும் தேவை' என்று விற்பனைக் குறிப்பில் இருந்தால், நான் அதை 'பாகம் கிடைக்கவில்லை' என்றுதான் படிப்பேன்.

லூம் ஒளிரவில்லை, அல்லது நன்றாகவே ஒளிர்கிறது

லூம் என்பது முட்களிலும் டயலிலும் உள்ள, இருட்டில் ஒளிரும் பூச்சு. ஒளிரவில்லை என்றால் கவலையில்லை. 1960-கள் வரையிலான டயல்களில் ரேடியம் இருக்கலாம், அதற்குப் பின் டிரிட்டியம் வந்தது. டயல் முகத்தின் கீழ் விளிம்பில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'டி' எழுத்து இருந்தால் டிரிட்டியம். டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டுகள், எப்போதோ ஓய்ந்திருக்கும். ரேடியம்-226-க்கு அரைவாழ்வு 1,600 ஆண்டுகள். மங்கியது அதோடு கலந்த துத்தநாக சல்பைடு மட்டும், கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. ஆகவே 1950-களின் வாட்ச் ஒன்றைப் புற ஊதா விளக்கில் காட்டி அணைத்த பிறகும் லூம் நிமிடக்கணக்கில் பிரகாசமாக ஒளிர்ந்தால், சந்தோஷப்படாதீர்கள். அது புதிதாகப் பூசிய லூம்.

முள்ளின் லூம் வெடித்து டயல்மேல் தூளாகக் கிடந்தால் உடனே குரோனோகிராஃபை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு ரீசெட் அடியும் இன்னும் கொஞ்சம் உதிர்க்கும், தூள் டயல் துளைகள் வழியாகச் சக்கரங்களுக்குப் போகும். கண்ணாடியை நீங்களே எடுத்து ஊத வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். ரேடியம் தூள் மூச்சோடு உள்ளே போவதுதான் உண்மையான அபாயம். மூடிய பையில் போட்டு, ரேடியமாக இருக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.